கரைசலுக்குள் கண நேரம் வாழும் மூலக்கூறு: எந்தக் கருவியை நம்பிப் போகலாம்?

டைஅயோடோஎத்தேன் ஒரு சின்ன மூலக்கூறு. இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன், கார்பனுக்கு ஒன்றாக இரண்டு அயோடின். மெத்தனாலில் கரைத்து 267 நானோமீட்டர் புற ஊதா லேசரால் ஒரு தட்டுத் தட்டினால் ஓர் அயோடின் பிய்த்துக்கொண்டு போய்விடும். மிச்சமிருக்கும் அயோடின் எங்கே உட்காரும்? பழைய இடத்தில், தன் கார்பனோடு மட்டுமா? இல்லை, முக்கோணத்தின் உச்சிபோல இரண்டு கார்பனையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டா?

இது வேதியியலில் பல பத்தாண்டுகள் தீராமல் கிடந்த கேள்வி. ஆலசன் (குளோரின், புரோமின், அயோடின் போன்ற தனிமம்) சேரும் சில வினைகளில் விளைபொருள் ஒரு குறிப்பிட்ட பக்கமாகவே அமைகிறது. நடுவில் உட்காரும் ஆலசன் அணு ஒரு பக்கத்தை அடைத்துவிடுவதுதான் காரணம் என்று ஊகித்திருந்தார்கள். ஆனால் அந்தத் தனி உறுப்பை, அதாவது ஓர் அணு பிய்ந்துபோனபின் மிஞ்சும் துண்டை, கரைசலில் வடிவத்தோடு பார்த்தவர் யாரும் இல்லை. 2005-இல் ஹியோட்செர்ல் இஹீ, மைக்கேல் வுல்ஃப் ஆகியோரின் குழு பிரான்சின் கிரெனோபிள் நகரில் உள்ள ஐரோப்பிய சிங்க்ரோட்ரானில் (எலக்ட்ரான்களை வளையத்தில் சுற்றவிட்டு எக்ஸ்-கதிர் எடுக்கும் பெரிய கருவி) எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவை, அதாவது எக்ஸ்-கதிர் அணுக்களில் பட்டுச் சிதறும் கோலத்தை, கொண்டு அதைப் பார்த்தது. அயோடின் நடுவில்தான் இருந்தது. பிரிந்துபோன அயோடின் அணு திரும்பி வந்து அதன் தலையில் ஒட்டிக்கொள்வதும், பிறகு எத்திலீனும் அயோடின் மூலக்கூறுமாக அது உடைவதும் அதே தரவில் தெரிந்தன.

பிறகு வந்த திருப்பம் எனக்கு இன்னும் பிடித்தது. அதே மூலக்கூறில் ஹைட்ரஜன்களை எடுத்துவிட்டு ஃபுளூரினை வைத்து 2008-இல் பார்த்தபோது, அயோடின் நடுவுக்கு வரவில்லை, தன் கார்பனோடே நின்றுவிட்டது. நான்கு சின்ன அணுக்களை மாற்றியதும் விடை தலைகீழாகிவிட்டது. வேதியியல் உள்ளுணர்வை மட்டும் வைத்து இதை யாராலும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது.

இந்த மாதிரி ஒரு கேள்வியை நீங்களும் கையில் வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கரைசலில் ஒளியால் ஒரு வினை தொடங்குகிறது. நடுவில் ஏதோ ஒன்று பிறந்து, பிக்கோ வினாடியோ (வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) மைக்ரோ வினாடியோ (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வாழ்ந்து, மறைகிறது. அதன் வடிவம் வேண்டும். வழிகள் பல: மேசை மேலேயே முடியும் லேசர் நிறமாலை, எக்ஸ்-கதிர் உட்கவர் நிறமாலை, எக்ஸ்-கதிர் உமிழ்வு நிறமாலை, சிங்க்ரோட்ரானில் கரைசல் சிதறல், கட்டற்ற எலக்ட்ரான் லேசரில் (மிகக் குட்டையான எக்ஸ்-கதிர் துடிப்புகளைத் தரும் கருவி) அதே சிதறல், அப்புறம் எலக்ட்ரான் விளிம்பு விளைவு. எதற்குப் போவது? வேகமான கருவியே சிறந்தது என்று நினைத்து நேராகக் கட்டற்ற எலக்ட்ரான் லேசருக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்துவிடுகிறோம். அது தவறான தொடக்கம். நேரத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: எந்த இரண்டு வடிவங்களுக்கு நடுவே நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டும், அந்த இரண்டும் தரவில் வேறு வேறாகத் தெரியுமா?

முதலில் கரைசல் சிதறல் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் விரிவாகப் பார்த்துவிடலாம், மற்றவற்றை அதோடுதான் ஒப்பிடப் போகிறேன்.

படிகத்தில் எல்லா மூலக்கூறும் ஒரே பக்கம் பார்த்து அணிவகுத்து நிற்பதால் விளிம்பு விளைவு கூர்மையான புள்ளிகளாக விழும். கரைசலில் ஒவ்வொன்றும் ஒரு திசையில் கிடக்கிறது. ஆகவே டிடெக்டரில் விழுவது மங்கலான வளையங்கள்தான். அந்த வளையங்களில் திசைச் செய்தி இல்லை. அணுக்களுக்கு இடையேயான தூரம் மட்டும் இருக்கிறது. ஒவ்வோர் அணு ஜோடியும் வெளிநோக்கித் தேயும் ஓர் அலையைத் தருகிறது. தூரம் கூடினால் அலைகள் நெருங்கும், குறைந்தால் விலகும். எல்லா ஜோடிகளின் அலைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த கூட்டல்தான் நம் கையில் இருக்கிறது.

அந்தக் கூட்டலில் நம் ஆள் எவ்வளவு? 10 மில்லிமோலார் நீர்க் கரைசல் என்றால் ஏறத்தாழ 5,500 நீர் மூலக்கூறுக்கு ஒரு கரைபொருள். லேசர் அதில் பத்தில் ஒன்றைத் தூண்டியது என்றால், 55,000 நீர் மூலக்கூறுக்கு ஒன்று. அதனால் லேசர் பட்ட படத்திலிருந்து படாத படத்தைக் கழித்து வித்தியாசத்தை மட்டும் பார்க்கிறோம். அந்த வித்தியாசம் மொத்தச் சிதறலில் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் கீழே, பல நேரம் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும்.

அந்தச் சின்ன வித்தியாசமும் முழுக்க நம்முடையது இல்லை. மூன்று பங்காளிகள் அதில் இருக்கிறார்கள். ஒன்று, கரைபொருளின் சொந்த அணுக்களுக்கு இடையே மாறிய தூரங்கள். இரண்டு, அதைச் சுற்றி நிற்கும் கரைப்பான் மூலக்கூறுகள் நகர்ந்து இடம் மாறியது. இதைக் கூண்டு என்று சொல்கிறோம். மூன்று, வெறும் வெப்பம். 267 நானோமீட்டர் ஒளித்துகள் ஒன்றில் ஏறத்தாழ 4.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்கிறது. பிணைப்பை உடைத்தது போக மீதி கரைப்பானைச் சூடாக்குகிறது. முதலில் திரவம் விரிய நேரம் கிடைக்காமல் அதே கன அளவில் சூடாகிறது. ஒலி ஒரு நானோ வினாடியில் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர்தான் போகும் என்பதால், 100 மைக்ரோமீட்டர் அகல லேசர் புள்ளி விரிந்து முடிய 100 நானோ வினாடி அளவு பிடிக்கும். ஆகவே வெப்பத்தின் சிதறலும் நேரத்தோடு உருவம் மாறும். உங்கள் மூலக்கூறும் அதே நேரத்தில் உருவம் மாறிக்கொண்டிருக்கும்.

இதை நான் கஷ்டப்பட்டுத்தான் கற்றேன். என் முதல் அளவீட்டில் கிடைத்த ஷிஃப்டுகள் (கருவியில் நமக்கு ஒதுக்கித் தரும் நேரத் துண்டுகள்) எல்லாவற்றையும் எங்கள் மூலக்கூறுக்கே கொடுத்துவிட்டு, கரைப்பானை மட்டும் சூடாக்கி எடுக்கும் தரவுக்குக் கடைசி இரண்டு மணி நேரத்தை ஒதுக்கினோம். கரைசலைக் கதிரின் குறுக்கே மெல்லிய தாரையாகப் பாய்ச்சும் ஜெட்டில் குமிழி புகுந்து அந்த நேரமும் போனது. ஊர் திரும்பிய பிறகு மூன்று பங்காளிகளையும் பிரிக்க வழியில்லாமல் மாதக்கணக்கில் தவித்தோம். ஒரு சாயக் கரைசலையோ, அகச்சிவப்பில் நேராகச் சூடாகும் தூய கரைப்பானையோ வைத்து அந்த வெப்பத் தரவை முதல் நாளே எடுத்துவிட வேண்டும். சிதறலைத் தேர்ந்தெடுப்பவர் இந்தச் செலவையும் கணக்கில் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார்.

இவ்வளவு தொல்லை இருந்தும் சிதறல் ஏன் வேண்டும்? அது எதையும் விட்டுவிடாது என்பதால். எல்லா அணுவும் எக்ஸ்-கதிரைச் சிதறடிக்கும். பார்க்க நினைத்ததை மட்டும் பார்ப்பது என்பது அங்கே கிடையாது.

இதன் அருமை மேசை மேல் லேசரோடு ஒப்பிட்டால் தெரியும். ஒரு லேசரால் தூண்டி இன்னொன்றால் பார்க்கும் முறைக்காகத்தான் அகமது ஸெவைலுக்கு 1999-இல் நோபல் பரிசு கிடைத்தது. சில பத்து ஃபெம்டோ வினாடி (பிக்கோ வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வேகம், மிகக் குறைந்த மாதிரி, உங்கள் ஆய்வகத்திலேயே இரவும் பகலும் ஓட்டலாம். இதைச் செய்யாமல் எக்ஸ்-கதிருக்குப் போகக் கூடாது. இது தேர்வே இல்லை, கட்டாயம். எத்தனை இடைநிலைகள், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் வாழ்கிறது, எந்த அலைநீளத்தில் எவ்வளவு தூண்டப்படுகிறது என்ற மூன்றையும் இங்கேதான் மலிவாக அறிய முடியும். ஆனால் தூரத்தை அது சொல்லாது. கரைசலில் நிறமாலைப் பட்டைகள் அகலமாகப் படர்ந்து ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்கும். ஒரு பட்டை தேய்ந்தால் அந்த மூலக்கூறு போய்விட்டதா, குளிர்ந்ததா, உருவம் மாறியதா என்று பிரிப்பது கஷ்டம்.

அகச்சிவப்பு இன்னும் ஒரு படி மேல். கார்பன் மோனாக்சைடு, சயனைடு போன்ற குழுக்கள் இருந்தால் அவற்றின் அதிர்வு கூர்மையாகத் தெரியும், பிணைப்பு எங்கே ஒட்டியிருக்கிறது என்றுகூடச் சொல்லும். ஆனால் எந்தப் பட்டையைப் பார்க்கிறோமோ அது மட்டும்தான் தெரியும். மூன்று ருத்தேனியமும் 12 கார்பன் மோனாக்சைடும் கொண்ட ஒரு கொத்துச் சேர்மத்தை ஒளியால் உடைக்கும் வினை இதற்கு நல்ல சாட்சி. அதில் அகச்சிவப்பு ஏற்கெனவே அடையாளம் கண்டிருந்த இடைநிலைகளுக்கு மேல் இன்னொன்றும் இருப்பது, இரண்டு கார்பன் மோனாக்சைடை இழந்து பத்தோடு நிற்கும் ஒன்று, 2008-இல் எக்ஸ்-கதிர் சிதறலில்தான் வெளிப்பட்டது. அதைத் தேடிப் போனவர்கள் இல்லை. தரவு வேறு எதற்கும் பொருந்த மறுத்ததால் கண்டார்கள்.

சரி, எக்ஸ்-கதிருக்குப் போவதென்று முடிவாகிவிட்டது. அடுத்த கேள்விதான் உண்மையிலேயே கடினமானது: சிதறலா, உட்கவர்தலா?

உட்கவர் நிறமாலை ஒரு குறிப்பிட்ட தனிமத்தை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடும் முறை. ஓர் அணுவின் மிக உள்ளே இருக்கும் எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றலைக் கே விளிம்பு என்கிறோம்; இரும்புக்கு அது 7.1 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அந்த ஆற்றலில் எக்ஸ்-கதிரைச் செலுத்தினால் இரும்புதான் பதில் சொல்லும். 55,000 நீர் மூலக்கூறுகளும் பின்னணியாகத்தான் இருக்கும், குறுக்கே பேசாது. விளிம்புக்கு அருகே உள்ள வடிவம் அணுவின் மின்சுமையையும் சமச்சீரையும் காட்டும்; விளிம்புக்கு மேலே நீளும் சிற்றலைகள், எக்ஸாஃப்ஸ் என்று சொல்கிறோமே அவை, அந்த அணுவுக்குப் பக்கத்து வீட்டார் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்று காட்டும். இரும்பு பைபிரிடின் அணைவுச் சேர்மத்தில் ஒளி பட்டவுடன் இரும்பு–நைட்ரஜன் பிணைப்பு ஏறத்தாழ 0.2 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) நீள்வதை, அதுவும் 150 ஃபெம்டோ வினாடி அளவில் நடப்பதை, 2009-இல் கிறிஸ்டியன் பிரெஸ்லர், மஜீத் செர்குயி ஆகியோரின் குழு இப்படித்தான் காட்டியது. கேள்வி ஓர் உலோக அணுவையும் அதைச் சுற்றியுள்ள முதல் வளையத்தையும் பற்றியதென்றால் நான் யோசிக்காமல் இந்த வழிக்குப் போவேன்.

அதன் எல்லையும் அங்கேயே இருக்கிறது. கூப்பிட்ட அணுவிலிருந்து நாலைந்து ஆங்ஸ்ட்ராம் தாண்டினால் செய்தி தேய்ந்துவிடும். மூலக்கூறின் இரு முனைகள் நெருங்கியதா என்று அதனிடம் கேட்க முடியாது. இன்னொரு நடைமுறைச் சிக்கல், தனிமத்தின் விளிம்பு எங்கே இருக்கிறது என்பது. அயோடினின் கே விளிம்பு 33 கிலோ எலக்ட்ரான் வோல்ட். பல கருவிகளுக்கு எட்டாத உயரம். கார்பனுடையது 284 எலக்ட்ரான் வோல்ட். அந்த மென்மையான எக்ஸ்-கதிரை ஒரு சின்ன நீர்ப் படலமே குடித்துவிடும், வெற்றிடத்தில் மெல்லிய ஜெட் ஓட்ட வேண்டும். டைஅயோடோஎத்தேனுக்குச் சிதறலே பொருந்தியதில் இதற்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். சிதறலுக்கு விளிம்பு எங்கே இருந்தால் என்ன? அணு கனமாக இருந்தால் போதும்.

எவ்வளவு கனம்? ஒரு ஜோடியின் சிதறல் ஏறத்தாழ இரண்டு அணு எண்களின் பெருக்கல். கார்பன்–கார்பன் 36. கார்பன்–அயோடின் 318. அயோடின்–அயோடின் 2,809. தங்கம்–தங்கம் 6,241. ஹைட்ரஜன்–ஹைட்ரஜன் 1. இந்த ஐந்து எண்களும் ஒரு பக்க விண்ணப்பத்தைவிட அதிகம் சொல்கின்றன. உங்கள் வினையில் நகர்வது ஒரு ஹைட்ரஜன் என்றால், எக்ஸ்-கதிர் சிதறலிடம் போகாதீர்கள். இரண்டு கன அணுக்கள் ஒன்றையொன்று நோக்கி நகர்கின்றன என்றால், இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இரண்டு முறைகளும் ஒரே மூலக்கூறில் சந்தித்த இடம் ஒன்று உண்டு. இரண்டு பிளாட்டினம் அணுக்களை நான்கு பைரோபாஸ்பைட்டு பாலங்கள் சேர்த்துப் பிடித்திருக்கும் சேர்மம். ஒளி பட்டால் பிளாட்டினங்கள் நெருங்கும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. 2009-இல் இரண்டு விடைகள் வந்தன: சிதறலில் ஏறத்தாழ 0.24 ஆங்ஸ்ட்ராம், எக்ஸாஃப்ஸில் ஏறத்தாழ 0.31. முதலில் பார்ப்பவருக்கு முரண்பாடாகத் தோன்றும். ஆனால் முதலாவதன் பிழை எல்லை 0.06, இரண்டாவதன் பிழை எல்லை 0.05, இரண்டும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டுதான் நிற்கின்றன. சிதறல் எல்லா ஜோடிகளையும் கரைப்பானையும் சேர்த்துப் பொருத்தி ஓர் எண்ணைத் தருகிறது. எக்ஸாஃப்ஸ் பிளாட்டினத்தின் பக்கத்திலிருந்து மட்டும் பார்த்து ஓர் எண்ணைத் தருகிறது. இரண்டுமே ஒரு மாதிரிக் கட்டமைப்பை வைத்துப் பொருத்தியவை. தூரத்தின் இரண்டாம் தசம இடத்தில் சண்டை போட வேண்டிய கேள்வியாக உங்களுடையது இருந்தால், ஒரு முறையை மட்டும் நம்பாதீர்கள்.

உமிழ்வு நிறமாலையை இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன், அதை மாற்றாகப் பார்க்காமல் துணையாகப் பார்க்க வேண்டும். விளிம்புக்கு மேலே எந்த ஆற்றலில் எக்ஸ்-கதிர் வந்தாலும் அணு திருப்பி உமிழும் ஒளி, அதன் ஸ்பின் நிலையை, அதாவது எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்தும் தனித்தும் நிற்கும் விதத்தை, காட்டும். உள்ளே வரும் ஒளியை மெல்ல மாற்றிக்கொண்டே போகும் வேலை இல்லை. ஆகவே முன்னால் ஒரு பெரிய டிடெக்டர் சிதறலைப் பிடிக்க, பக்கவாட்டில் சில வளைந்த படிகங்கள் உமிழ்வைப் பிடிக்க, ஒரே துடிப்பில் இரண்டையும் எடுத்துவிடலாம். எலக்ட்ரான் எப்போது நிலை மாறியது என்று ஒன்றும், அணுக்கள் எப்போது நகர்ந்தன என்று மற்றொன்றும் சொல்லும். நேரக் கணக்கில் இரண்டுக்கும் நடுவே பிசகு இருக்காது. இரும்பு, கோபால்ட் போன்றவற்றோடு வேலை செய்பவர்களுக்கு இந்த ஜோடியைத்தான் நான் முதலில் சொல்வேன்.

இப்போது நேரத்துக்கு வருவோம். சிங்க்ரோட்ரானின் எக்ஸ்-கதிர் துடிப்பு ஏறத்தாழ 100 பிக்கோ வினாடி நீளம். கட்டற்ற எலக்ட்ரான் லேசரின் துடிப்பு 100 ஃபெம்டோ வினாடிக்கும் குறைவு. ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். ஒரு துடிப்பில் உள்ள ஒளித்துகள்களும் அப்படித்தான்: முன்னதில் நூறு கோடி அளவு, பின்னதில் லட்சம் கோடி அளவு. ஸ்டான்ஃபோர்டில் உள்ள எல்சிஎல்எஸ் என்ற கட்டற்ற எலக்ட்ரான் லேசர் 2009-இல் முதல் ஒளியைத் தந்தது. பின்னர் ஜப்பானில் சாக்லா, தென் கொரியாவின் போஹாங்கில் ஒன்று, ஜெர்மனியின் ஹாம்பர்க் அருகே ஐரோப்பிய எக்ஸ்ஃபெல் என்று வந்துவிட்டன.

வேகம் என்ன தரும் என்பதற்குத் தங்கத்தின் கதையைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. நீரில் கரைந்த டைசயனோ ஆரேட்டு அயனிகள் (ஒரு தங்க அணுவோடு இரண்டு சயனைடு சேர்ந்தவை) மூன்று மூன்றாகக் கூடி நிற்கும்; தங்கங்களுக்கு நடுவே உண்மையான பிணைப்பு இல்லை, மெல்லிய ஈர்ப்பு மட்டும். வளைந்து, தளர்வாக நிற்கும். லேசர் பட்டால் தங்கங்களுக்கு இடையே சகப்பிணைப்பு உண்டாகும். ஒளி பட்ட நொடியிலேயே வினைபடுபவர்கள் பக்கத்தில் தயாராக நிற்பதால், இங்கே பிணைப்பு பிறப்பதையே பார்க்கலாம். 2015-இல் சாக்லாவில் பார்த்தபோது, ஏறத்தாழ 500 ஃபெம்டோ வினாடிக்குள் மூன்றும் நேர்க்கோட்டில் வந்து இறுகிவிட்டன, 1.6 பிக்கோ வினாடியில் பிணைப்புகள் இன்னும் சுருங்கின. சில நானோ வினாடியில் நான்காவது ஒன்று வந்து சேர்ந்தது. இரண்டு பிணைப்பும் ஒரே நேரத்திலா, ஒன்றன்பின் ஒன்றாகவா? அந்த அளவீட்டின் வேகம் அதற்குப் போதவில்லை. 2020-இல் போஹாங்கில் இன்னும் கூர்மையாகப் பார்த்தார்கள்: முதல் பிணைப்பு 35 ஃபெம்டோ வினாடிக்குள் பிறந்துவிடுகிறது, இரண்டாவது 360 ஃபெம்டோ வினாடியில்தான் வருகிறது. மூன்று பேர் நிற்கும் இடத்தில் இருவர் முதலில் கை கோத்து, மூன்றாமவர் பிறகு சேர்கிறார். அந்தக் கேள்விக்குச் சிங்க்ரோட்ரானில் விடையே கிடையாது.

ஆனால் இதே கதையில் நான்காவது அயனி வந்து சேர்வதைக் கவனியுங்கள். நானோ வினாடி. அதற்கு ஃபெம்டோ வினாடிக் கருவி தேவையில்லை. இரண்டு மூலக்கூறுகள் திரவத்தில் அலைந்து சந்தித்து வினைபுரியும் எதுவும் இந்தக் கணக்கில்தான் வரும்: துணைவினைபொருள் 10 மில்லிமோலார் இருந்தால், சந்திக்கவே 10 நானோ வினாடி அளவு ஆகும். டைஅயோடோஎத்தேனில் பிரிந்த அயோடின் திரும்பி வந்து ஒட்டுவதும், பிறகு உடைவதும் சிங்க்ரோட்ரானுக்கு வசதியான நேரம். நடுவில் உட்கார்ந்த அந்தத் தனி உறுப்பே 100 பிக்கோ வினாடியில் பார்த்துக் கண்டதுதான்.

சிங்க்ரோட்ரான் பக்கம் இன்னொரு நன்மை இருக்கிறது, பலர் கணக்குப் போடாமல் விட்டுவிடுவது: கோண வீச்சு. டிடெக்டர் 60 டிகிரி வரை பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில், கிரெனோபிளில் வழக்கமாக ஓட்டும் ஆற்றல் அது, பிரித்தறியும் தூரம் ஏறத்தாழ 0.7 ஆங்ஸ்ட்ராம். கட்டற்ற எலக்ட்ரான் லேசரில் அடிக்கடி கிடைக்கும் 9.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் அதே டிடெக்டர் 1.3 ஆங்ஸ்ட்ராம்தான் தரும். ஒரே ஒரு தூரம் மாறுகிறது என்றால் இதைவிட நுணுக்கமாகப் பொருத்திவிடலாம், பிளாட்டினத்தில் பார்த்தோமே. ஆனால் பக்கத்துப் பக்கத்துத் தூரங்கள் பல ஒன்றாக மாறினால் பரந்த கோண வீச்சு இல்லாமல் குழம்பிப் போவீர்கள். நேரத்தில் ஆயிரம் மடங்கு வாங்கி, தூரத்தில் பாதியைக் கொடுத்துவிட்டதாகும்.

வேகத்துக்காகவே போகிறவர்கள் ஜெட்டின் தடிமனையும் பார்க்க வேண்டும். எக்ஸ்-கதிர் நீரில் ஏறத்தாழ வெற்றிடத்தில் போகும் வேகத்திலேயே போகும். லேசர் ஒளி 1.33 மடங்கு மெதுவாகப் போகும். 0.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஜெட்டுக்குள் இரண்டும் ஒன்றாக நுழைந்தாலும், வெளியே வரும்போது லேசர் 330 ஃபெம்டோ வினாடி பின்தங்கிவிடும். உங்கள் துடிப்பு எவ்வளவு குட்டையாக இருந்தாலும், தங்கத்தின் இரண்டு பிணைப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அந்த மங்கலில் கரைந்துவிடும். 30 மைக்ரோமீட்டர் படலமாக்கினால் பின்தங்கல் 33 ஃபெம்டோ வினாடி. ஆனால் சிதறடிக்க மாதிரியும் பத்தில் ஒரு பங்குதான். இதோடு துடிப்புக்குத் துடிப்பு எக்ஸ்-கதிர் வந்துசேரும் நேரமே ஆடும். ஒவ்வொரு துடிப்பின் வருகையையும் தனியாக அளந்து, பிறகு வரிசைப்படுத்த வேண்டும். வேலை செய்யும் முறைதான், ஆனால் உங்கள் சில ஷிஃப்டுகளில் ஒரு பெரிய பகுதி இதிலேயே போகும்.

எலக்ட்ரான் விளிம்பு விளைவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரான் பொருளோடு எக்ஸ்-கதிரைவிட லட்சம் மடங்குக்கு மேல் வலுவாக மோதும். அதனால் ஜெட் 100 நானோமீட்டர் அளவு மெல்லிய படலமாக, வெற்றிடத்தில் ஓட வேண்டும். முன்பு இது வாயுவுக்கும் திடப்பொருளுக்கும்தான் என்று ஒதுக்கியிருந்தார்கள். 2021-இல் ஸ்டான்ஃபோர்டில் நீரிலேயே செய்து காட்டினார்கள்: ஓர் அதிர்வைத் தூண்டியவுடன் பக்கத்து ஆக்சிஜன்கள் 80 ஃபெம்டோ வினாடியில் 0.04 ஆங்ஸ்ட்ராம் நெருங்கி, பிறகு ஒரு பிக்கோ வினாடியில் சூடாகி விலகின. அழகான வேலை. லேசான அணுக்கள்தான் உங்கள் வினை என்றால், ஹைட்ரஜன் நகர்வு உட்பட, இதன் பக்கம் பாருங்கள். ஆனால் நீர்த்த கரைசலில் ஒரு கரைபொருளின் வடிவம் வேண்டுமென்றால், இன்றைக்கு நான் இதை முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் எப்படி முடிவெடுப்பது? என் வழக்கம் இது. மேசை மேல் லேசரில் ஆயுளை அறிந்துகொள்ளுங்கள். அது சில நூறு பிக்கோ வினாடிக்கு மேல் என்றால் சிங்க்ரோட்ரான்; அங்கே போய்விட்டு, தொடக்கத்தில் நடப்பது மர்மமாகவே நின்றால் மட்டும் அடுத்த படி. ஆயுள் அதற்குக் கீழே என்றால் வேறு வழியில்லை, கட்டற்ற எலக்ட்ரான் லேசர்தான். இது எளிதான பாதி.

கடினமான பாதி, விண்ணப்பம் எழுதுவதற்கு முன்னால் ஒரு வாரம் கணினி முன் உட்காருவது. சந்தேகத்தில் உள்ள இரண்டு வடிவங்களையும் குவாண்டம் வேதியியல் கணக்கில் கட்டுங்கள். ஒவ்வொன்றும் தரும் வித்தியாச வளைவைச் சிதறலுக்கும் உட்கவர்தலுக்கும் கணித்து வரையுங்கள். கூண்டின் பங்கையும் மூலக்கூறு இயக்கவியல் கணக்கிலிருந்து சேர்த்துக்கொள்ளுங்கள், அதை விட்டுவிட்டு வரைந்த வளைவு ஏமாற்றும். பிறகு இரண்டு வளைவுகளையும் ஒன்றின்மேல் ஒன்று வையுங்கள். அவற்றுக்கு நடுவே உள்ள வித்தியாசம், அந்தக் கருவியில் கிடைக்கக்கூடிய இரைச்சலைவிடப் பெரிதா? நடுவில் உட்கார்ந்த அயோடினும் ஓரத்தில் உட்கார்ந்த அயோடினும் கார்பன்–அயோடின் தூரங்களில் வேறுபடுகின்றன, ஜோடிக்கு 318 எடையோடு, வளைவுகள் பிரிகின்றன. அதே கேள்வியைக் குளோரினுக்குக் கேட்டால் அந்த எடை 102-ஆகக் குறைந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு சமிக்ஞைக்கு, அதே தரம் வேண்டுமென்றால், ஏறத்தாழ ஒன்பது மடங்கு நேரம் எண்ண வேண்டும். ஒரு நாளில் முடிய வேண்டியது ஒன்பது நாள் ஆகும். அவ்வளவு ஷிஃப்டை யாரும் தரமாட்டார்கள்.

வளைவுகள் பிரியவில்லை என்றால் வருத்தப்பட வேண்டாம், கருவியை மாற்றுங்கள். அல்லது மூலக்கூறையே மாற்றுங்கள். குளோரின் இருக்கும் இடத்தில் புரோமினோ அயோடினோ வைக்க வேதியியல் இடம் கொடுக்குமா என்று பாருங்கள். ஆனால் வைத்தபின் கேள்வி அதே கேள்விதானா என்றும் பாருங்கள், ஃபுளூரின் செய்த வேலை நினைவிருக்கட்டும்.

மாதிரியைப் பற்றியும் முன்கூட்டியே சோதித்துக்கொள்ள ஒன்று உண்டு. ஜெட்டில் ஓடிய கரைசல் சுற்றிச் சுற்றித் திரும்பி வரும். ஒவ்வொரு சுற்றிலும் லேசர் கொஞ்சத்தை உடைத்துவிடுகிறது. டைஅயோடோஎத்தேன் கரைசல் தெளிவாகத் தொடங்கி, விடுபட்ட அயோடினால் மஞ்சளாகி, போகப் போகப் பழுப்பாகும். அந்த நிறம் ஏறிய பிறகு எடுக்கும் தரவு உங்கள் மூலக்கூறைப் பற்றியது மட்டும் அல்ல. ஆய்வகத்தில் அதே லேசர் அடர்த்தியில் எத்தனை நிமிடத்தில் நிறம் மாறுகிறது என்று பார்த்து, அதற்கேற்ப எத்தனை புதிய புட்டிகள் தேவை என்று கணக்கிட்டுக் கொண்டு போங்கள். சில மில்லிகிராம் மட்டுமே தயாரிக்க முடிகிற சேர்மம் என்றால், மேலே சொன்ன ஒப்பீடுகள் எல்லாவற்றுக்கும் முன்னால் இந்தக் கணக்கே விடையைச் சொல்லிவிடக்கூடும்.